ஸ்ப்ரே பாட்டிலில் கொண்டுவந்த மழை

அக்டோபர் இரண்டாவது வாரம். குன்னூரில் மூன்று நாளாக விடாத தூறல். காலை ஆறரைக்குக் காரை எடுக்கப் போனால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. நடுநடுவே, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டர் பக்கம் 'பட்' என்று ஒரு வெடிச்சத்தம். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ பிடித்தது. பிடித்ததும் வண்டி முழுக்க உதறல். மூன்று சிலிண்டரில் ஒன்று படுத்துவிட்டு மற்ற இரண்டு மட்டும் இழுக்கும்போது வருகிற தடதடப்பை ஒருமுறை கேட்டவருக்கு மறக்காது. சைலன்சரில் எரியாத பெட்ரோல் வாசனை. சோக்கை இழுத்து வைத்து, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருந்தால் பத்து நிமிஷத்தில் உதறல் குறையும். கால் மணி நேரத்தில் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும்.

அந்தக் கால் மணி நேரம்தான் தொல்லை. மெக்கானிக் கடை எங்கள் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகி, பானட்டுக்குள் இருந்த ஈரம் காய்ந்து, வண்டி ஒழுங்காக நிற்கும். காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. முதல் தடவை போனபோது கார்பரேட்டரைக் கழுவி, பெட்ரோல் ஃபில்டரை மாற்றி, பிளக்கைத் துடைத்துப் போட்டார்கள். இரண்டு நாள் வெயில் அடித்தது, வண்டியும் நன்றாக ஓடியது, நானும் சரியாகிவிட்டது என்று நம்பினேன். மூன்றாம் நாள் மழை வந்தது. மறுபடியும் அதே உதறல்.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 1998 மாடல், அப்பா ஆசையாக வாங்கியது. 800 சிசி-யை ஒட்டிய மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், கார்பரேட்டர், தீப்பொறிக்கான கரண்டை ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்துப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர். ஸ்கேனர் மாட்டினால் கோளாறு நம்பரைச் சொல்லும் கம்ப்யூட்டர் எல்லாம் இதில் கிடையாது. அதனால் கண்ணையும் காதையும் ஒரு நோட்டையும் வைத்துக்கொண்டுதான் கண்டுபிடித்தாக வேண்டும்.

கடைக்கார அண்ணன் அப்பா காலத்திலிருந்தே பழக்கம். இரண்டாவது தடவை போனபோது முழுவதையும் கேட்டுவிட்டு, "தம்பி, மழையிலதானே வருது? வெயில்ல ஒரு தடவைகூட வரலையே? அப்ப கரண்ட் சைடு பாருங்க. பெட்ரோலுக்கு வெளிய மழை பெய்யறது தெரியாது" என்றார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். எனக்குத்தான் தினமும் வண்டி வேண்டியிருந்தது. நானே பார்க்கிறேன், சிக்கினால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் செய்தது நோட்டுப் போட்டது. எப்போது கோளாறு வந்தது, அப்போது மழையா பனிமூட்டமா வெறும் குளிரா, எஞ்சின் சூடா ஆறியதா, கால் எவ்வளவு அழுத்தியிருந்தது என்று பன்னிரண்டு நாள் எழுதினேன். நாலு வரியில் எழுதிய குறிப்புகள்தான். ஆனால் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, ஒரே கோளாறு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இரண்டாகப் பிரிந்தது.

ஒன்று, ஈரமான ராத்திரிக்கு அடுத்த நாள் காலை. எஞ்சின் பிடிக்கவே மறுப்பது, அந்த 'பட்' சத்தம். இன்னொன்று, மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்போது. பர்லியார் தாண்டி மழை பிடித்துக்கொண்டால், முன்னால் போகும் பஸ் வாரியடிக்கும் தண்ணீர் கிரில் வழியாக உள்ளே வந்தால், கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் முழுசாக மிதிக்கும்போது வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். காலைக் கொஞ்சம் எடுத்தால் உடனே சீராகிவிடும். மறுபடி மிதித்தால் மறுபடி மிஸ் அடிக்கும்.

அந்தப் பன்னிரண்டு நாளில் மூன்று நாள் வானம் தெளிவாக இருந்தது. அந்த ராத்திரிகளில்தான் குளிர் அதிகம், காலையில் புல் நுனியெல்லாம் விறைத்துக் கிடந்தது. வண்டி முதல் செல்ஃபிலேயே பிடித்தது. அதனால் குளிரைக் கழித்துவிட்டேன். மிச்சம் ஈரம் மட்டும்.

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்ற சந்தேகத்தை அண்ணன் சொன்ன ஒரு வாக்கியத்தை வைத்து மட்டும் ஒதுக்க மனசு வரவில்லை. கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருந்த பெட்ரோலை வடித்து, கழுவிக் காயவைத்த கண்ணாடி ஜாம் பாட்டிலில் பிடித்து, ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தேன். தண்ணீர் இருந்தால் கனம் காரணமாக அடியில் தனி அடுக்காகத் தங்கும். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீர் எத்தனாலோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். அளவு மீறினால் எத்தனாலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். என் பாட்டிலில் கோடு எதுவும் விழவில்லை. தவிர, தண்ணீர் கலந்த பெட்ரோல் வெயில் நாளிலும் தொல்லை கொடுத்தாக வேண்டும்.

மலைக்காரர்களுக்கு இன்னொரு சந்தேகமும் வரும், வரவும் வேண்டும். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஈரக்காற்றாக இருந்தால், வெளியே பத்து பதினைந்து டிகிரி இருக்கும்போதே உள்ளே, ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தகட்டைச் சுற்றி ஐஸ் பிடிக்கும். இது நடப்பது எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு. லேசாக மிதித்துக்கொண்டு நெடுநேரம் போகும்போதோ, இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு வரும்போதோ பிடிக்கும். ஐடிலிங் இறங்கி வண்டி நின்றுவிடும். ஐந்து நிமிஷம் சும்மா நிறுத்தினால் எஞ்சின் சூட்டில் ஐஸ் உருகி, ஒன்றும் இல்லாத மாதிரி ஸ்டார்ட் ஆகும். என் நோட்டு இதற்கு நேர் எதிராகச் சொல்லியது. எனக்கு அழுத்தி மிதித்தால் கோளாறு, காலை எடுத்தால் சரி. அதனால் ஐஸையும் ஒதுக்கினேன். ஆனால் பார்க்கப் போன இடத்தில், சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து ஏர் ஃபில்டருக்குச் சூடான காற்றைக் கொண்டுவரும் குழாய் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஐஸ் பிடிக்காமல் இருப்பதற்காகவே வைத்த குழாய் அது. சமவெளியில் அது இல்லாமலே ஓட்டிவிடலாம். இங்கே டிசம்பரில் அது வேண்டும். கையோடு மாற்றினேன்.

அடுத்து கரண்ட் பக்கம். பேட்டரி கரண்டை உயர் வோல்டேஜாக ஏற்றும் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு வயர், அங்கிருந்து சிலிண்டருக்குள் தீப்பொறி விடும் மூன்று பிளக்குக்கு மூன்று வயர். மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தேன். காயில் வயர் 3.9 கிலோ ஓம், பிளக் வயர்கள் 4.8, 6.1, 7.3. நீளத்துக்கு ஏற்ற அளவுகள்தான், எதுவும் அறுந்திருக்கவில்லை. வயரில் கோளாறு இல்லை என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த வரி தப்பு. அதனால் ஒரு வாரம் வீணானது.

மீட்டர் அளப்பது வயருக்குள் இருக்கும் கார்பன் இழையை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அதைச் சுற்றியுள்ள ரப்பர் உறையின் நிலைமை. மீட்டர் உள்ளே அனுப்புவது சில வோல்ட். காயில் அனுப்புவது 20,000 வோல்ட் பக்கம். சில வோல்ட்டுக்குச் சுவராக நிற்கிற ரப்பர், இருபதாயிரம் வோல்ட்டுக்குச் சல்லடையாக இருக்கலாம். இருபத்தைந்து வருஷம் சூட்டிலும் எண்ணெய்ப் புகையிலும் இருந்த ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுந்திருக்கும். காய்ந்திருக்கும்வரை அவை ஒன்றும் செய்யாது. அந்த வெடிப்பிலும் மேலே படிந்த அழுக்கிலும் ஈரம் ஏறினால், பிளக்குக்குப் போக வேண்டிய கரண்டுக்கு வழியிலேயே ஒரு குறுக்குச் சந்து கிடைத்துவிடும். சுத்தமான தண்ணீர் கரண்டை அவ்வளவாகக் கடத்தாது. பானட்டுக்குள் இருப்பதோ தூசியும் உப்பும் எண்ணெயும் கலந்த ஈரம்.

இதை மனசில் வைத்துப் பார்த்தபோது கொண்டை ஊசி வளைவும் புரிந்தது. முழுசாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்று நிறையப் போகிறது, அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். கரண்ட் சுலபமான வழியைத்தான் பார்க்கும். காலை எடுத்திருக்கும்போது பிளக் சுலபம், அழுத்தி மிதித்தால் வயரின் வெடிப்பு சுலபம். காலை ஸ்டார்ட்டிங்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி வோல்டேஜ் பத்துக்குக் கிட்டே இறங்கிவிடும், காயிலின் பலமும் சேர்ந்து இறங்கும். அந்த நேரத்தில் கொஞ்சம் கசிந்தாலும் பிளக்கில் தீப்பொறிக்கு மிச்சம் இருக்காது.

மழைக்காகக் காத்திருப்பதை விட்டேன். மழையை நானே கொண்டுவரலாம் என்று தோன்றியது. செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் சின்ன ஸ்ப்ரே பாட்டில் போதும். ராத்திரி எட்டு மணிக்கு, மழை இல்லாத ஒரு நாள், வண்டியைப் போர்ட்டிகோவில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, விளக்கை எல்லாம் அணைத்தேன். மகள் டார்ச்சோடு கொஞ்சம் தள்ளி நின்றாள்.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு: எஞ்சின் ஓடும்போது வயரையோ பிளக் மூடியையோ கையால் தொடக் கூடாது. அந்த ஷாக் சாதாரணமானது இல்லை. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே வரக் கூடாது. துப்பட்டா, துண்டு, தொங்கும் சட்டைக்கை எதுவும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகே வேண்டாம். தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது, பனி மாதிரிப் பொடித்துளியாகத் தெளிக்க வேண்டும். ஃப்யூஸ் பாக்ஸ், ஆல்டர்னேட்டர் பக்கம் போக வேண்டாம். ஈரம் விரட்டுவதற்கு விற்கும் ஸ்ப்ரே டின்களை எஞ்சின் ஓடும்போது அடிக்கவே அடிக்காதீர்கள். அதிலிருப்பது தீப்பிடிக்கும் வாயு, நாம் தேடிக்கொண்டிருப்பது தீப்பொறி. கேரேஜுக்குள் கதவை மூடிக்கொண்டும் செய்யாதீர்கள், சைலன்சர் புகை ஆளைக் கொல்லும்.

ஒரு நேரத்தில் ஒரு இடம். எல்லாவற்றின் மேலும் ஒரேயடியாகத் தெளித்தால் எஞ்சின் உதறும், எதனால் என்று தெரியாது. முதலில் ஒன்றாம் பிளக்கின் ரப்பர் மூடி. இரண்டு முறை தெளித்து, முப்பது விநாடி பொறுத்தேன். சத்தம் மாறவில்லை. அப்புறம் அந்த வயர் நெடுக. ஒன்றும் இல்லை. இரண்டாம் பிளக் மூடியும் சரி. இரண்டாம் வயரின் நடுப்பகுதிக்கு வந்தேன். ஒரே ஒரு தடவை தெளித்திருப்பேன். எஞ்சின் தடுமாறியது.

"அப்பா, அங்க பாருங்க, நீலமா ஓடுது!"

வால்வு கவர் ஓரத்தில், பழைய கிளிப் உடைந்துபோனதால் வயர் ஒரு போல்ட் தலையின் மேல் படுத்திருந்தது. அங்கேதான். குண்டூசி நீளத்துக்கு ஒரு நீல இழை வயரிலிருந்து போல்ட்டுக்குத் தாவிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு தாவலுக்கும் 'டிக்' என்ற மெல்லிய சத்தத்தோடு. அதைச் சுற்றி, ஈரமான ரப்பர் மேல் இன்னும் மெல்லிய ஊதாக் கோடுகள் ஊர்ந்து ஊர்ந்து அணைந்தன. மின்னல் அடித்த பிறகு காற்றில் வருமே, அந்தக் காரமான ஓசோன் வாசனை மூக்கில் ஏறியது. இரண்டு நிமிஷத்தில் ரப்பர் காய்ந்தது. கோடுகள் மறைந்தன. எஞ்சின் சீரானது. மறுபடி தெளித்தேன், மறுபடி வந்தது. மூன்று தடவை செய்து பார்த்தேன். ஒரு மாதம் என்னை அலைக்கழித்தது கைக்கெட்டும் தூரத்தில் வருவதும் போவதுமாக இருந்ததைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் வயரைக் கழற்றிப் பகலில் பார்த்தேன். வயர் போல்ட்டில் உரசிய இடத்தில், கடுகு அளவுக்கு ஒரு வெளிறிய புள்ளி. நடுவில் ஊசி குத்திய மாதிரி கறுப்பாக ஒரு துளை. வளைத்தால் அதன் இரு பக்கமும் தலைமுடி போன்ற வெடிப்புகள் திறந்தன. நேராக்கினால் மூடிக்கொண்டன. மீட்டரில் 6.1 காட்டிய வயர் இதுதான்.

நாலு வயரும் சேர்ந்த செட் ஒன்று கோயம்புத்தூரில் வாங்கினேன். ஒரு வயர் போனால் மற்றவையும் அதே வயசுதான், தனியாக மாற்றுவது கைக்காசுக்கும் லாபம் இல்லை. மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே இடத்தில் புதியதை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக உருவிவிட்டால் எது எங்கே என்று திணற வேண்டியிருக்கும். என் எஞ்சினில் 1-3-2 என்ற வரிசையில்தான் தீப்பொறி போகும், மாறிவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாது. உடைந்த கிளிப்புக்குப் பதில் புதுக் கிளிப் போட்டு, வயர் எந்த உலோகத்தையும் தொடாமல் காற்றில் நிற்கும்படி செய்தேன். பிளக்கையும் பார்த்தேன். மலை உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, அதனால் கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் பங்கு கூடி பிளக்கில் கரி படியும். மூன்றிலும் கரி. இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்க வேண்டியது, ஃபீலர் கேஜ் விட்டால் ஒன்றில் 1.1 போனது. இடைவெளி கூடக் கூட அதைத் தாண்ட வோல்டேஜும் கூடுதலாக வேண்டும், அந்த அழுத்தம் முழுக்க வயர் உறை மேல்தான் விழும். மூன்றும் புதுசு போட்டேன்.

அந்த வாரமே மேட்டுப்பாளையம் போய்வந்தேன். பர்லியாரில் நல்ல மழை. முன்னால் பஸ். முழுசாக மிதித்தேன். ஒரு வெட்டுக்கூட இல்லாமல் ஏறியது.

முடிந்தது என்று நினைத்தேன். நாலாவது நாள் காலை, ராத்திரி முழுக்க மூட்டம் இறங்கியிருந்த காலை, எஞ்சின் பிடிக்கவில்லை. 'பட்' சத்தமும் அப்படியே இருந்தது.

நோட்டை மறுபடி எடுத்தேன். இரண்டு கோளாறு என்று நானே எழுதியிருந்தேன், ஒன்று கிடைத்ததும் மற்றதை மறந்திருந்தேன். மலை ஏறும்போது வந்தது ஒரு சிலிண்டர் கோளாறு, அதற்கு ஒரு வயர் காரணம். காலையில் எந்தச் சிலிண்டருமே பிடிக்கவில்லை. அப்படியென்றால் மூன்றுக்கும் பொதுவான இடத்தில் பார்க்க வேண்டும். காயில், காயில் வயர், டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப், அதற்குள் சுழன்று ஒவ்வொரு முனைக்கும் கரண்டைத் தரும் ரோட்டார். காயில் வயர் புதுசு. ஸ்ப்ரே சோதனையில் கேப் மேலும் காயில் மேலும் தெளித்திருந்தேன், எஞ்சின் அசையவில்லை. அதனால் கேப்பைக் கழற்றிப் பார்க்கவே இல்லை.

செல்ஃப் அடிப்பதை நிறுத்திவிட்டு, எஞ்சின் சூடாவதற்கு முன்னால், அந்த நிலையிலேயே கேப்பைக் கழற்றினேன். உள்ளே பார்த்ததும் புரிந்தது. இட்லிப் பானை மூடியின் உட்புறம் மாதிரி, கேப் முழுக்கப் பொடிப்பொடியாக நீர்த்துளி. வெளியே எவ்வளவு தெளித்தாலும் இந்த ஈரம் வந்திருக்காது. இது பகலில் உள்ளே புகுந்த ஈரக்காற்று ராத்திரிக் குளிரில் உள்ளேயே வியர்த்தது. சுத்தமான காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, ரோட்டாரையும் துடைத்து, மூடி, செல்ஃப் அடித்தேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. வேறு எதையும் தொடவில்லை.

ஆனால் எல்லா டிஸ்ட்ரிபியூட்டரிலும் கொஞ்சம் ஈரம் வரத்தான் செய்யும். அன்றைக்குச் சாயங்காலம் கேப்பை மறுபடி கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பழுப்பு நிறப் பிளாஸ்டிக். நடுவில் கார்பன் முனை, சுற்றிலும் மூன்று உலோக முனைகள், அவற்றில் வெள்ளையும் பச்சையுமாக லேசான பூப்பு. நடு முனையிலிருந்து இரண்டாம் முனையை நோக்கி ஒரு கோடு. பென்சிலைச் சீவி மிக மெல்லியதாகக் கீறிய மாதிரி இருந்தது. பாதிவழியில் இரண்டாகக் கிளைத்து, ஒரு கிளை அங்கேயே முடிந்தது, இன்னொன்று முனைவரை போய்ச் சேர்ந்தது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நகத்தால் தடவினால் மிக லேசான பள்ளம் தட்டுப்பட்டது.

இதைக் கார்பன் டிராக் என்பார்கள். ஈரமும் அழுக்கும் சேர்ந்த பரப்பில் உயர் மின்னழுத்தம் ஒரு தடவை ஓடினால், ஓடிய வழி கருகிக் கரியாகும். கரி கரண்டைக் கடத்தும். அடுத்த தடவை அதே வழியில் இன்னும் சுலபமாக ஓடும், இன்னும் கருகும். காய்ந்த நாளில் அங்கங்கே விட்டுப்போயிருக்கும் கரியால் முழுதாகத் தாண்ட முடியாது. ஈரம் அந்த இடைவெளிகளை இணைத்துவிடும். 'பட்' சத்தத்துக்கும் அப்போதுதான் அர்த்தம் கிடைத்தது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் போக வேண்டிய தீப்பொறி இந்தக் கோட்டின் வழியாக இரண்டாம் சிலிண்டருக்குப் போயிருக்கிறது. அந்த நேரம் இரண்டாம் சிலிண்டருக்குக் காற்றும் பெட்ரோலும் வரும் இன்டேக் வால்வு திறந்திருந்தால், தீ கார்பரேட்டர் பக்கமாகத்தான் வெளியே வரும். முதல் நாளே எழுதிவைத்த சத்தம். எழுதினேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று நின்று யோசிக்கவில்லை.

சிலர் அந்தக் கோட்டைப் பிளேடால் சுரண்டிவிட்டு ஓட்டுவார்கள். வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்துசேர அது உதவும். நிரந்தரம் இல்லை, சுரண்டிய பள்ளத்தில் அழுக்கு இன்னும் நன்றாகத் தங்கும். புதுக் கேப், புது ரோட்டார். வயர், பிளக், கேப், ரோட்டார் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடிந்தது.

புதுக் கேப்பை மாட்டுவதற்கு முன்னால் இன்னொரு கேள்வி பாக்கி. ஈரம் ஏன் அவ்வளவு உள்ளே போனது? கேப்புக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ரப்பர் சீல் பாதிதான் இருந்தது, மீதி எப்போதோ பிய்ந்து போயிருக்கிறது. அடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துவாரம் உண்டு, அது எண்ணெயும் தூசியும் சேர்ந்த பசையால் அடைத்திருந்தது. ஆக ஈரம் உள்ளே வர வழி இருந்தது, வெளியே போக வழி இல்லை. துவாரத்தை மெல்லிய கம்பியால் குத்தித் திறந்தேன். சீல் புதுசு. பிளக் மூடிகளின் உள்விளிம்பிலும் கேப்பின் வயர் குழிகளின் விளிம்பிலும் சிலிகான் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு. சாதாரண கிரீஸ் வேண்டாம், அது ரப்பரை ஊதவைக்கும்.

டபிள்யூடி-40 அடித்தால் போதுமே என்று கேட்பவர்களுக்கு: அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்துமே தண்ணீரை விரட்டுவது என்பதன் சுருக்கம்தான். எஞ்சினை அணைத்து, ஆறவைத்து, கேப்பின் உள்ளே லேசாக அடித்துத் துடைத்தால் ஈரம் போய் வண்டி பிடிக்கும். மழைக்காலத்தில் டிக்கியில் ஒரு டின் வைத்திருப்பது நல்லதே. ஆனால் வெடித்த ரப்பரை அது ஒட்டவைக்காது. தினமும் அடிக்க வேண்டியிருந்தால் கேப்பையும் வயரையும் பாருங்கள்.

புது வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை, நீள வயரும் இல்லை. ஒவ்வொரு பிளக் மேலேயும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். அதனால் மழைக் கோளாறு போய்விட்டதா என்றால் இல்லை, இடம் மாறியிருக்கிறது. கோயம்புத்தூரில் அத்தை மகனின் 2017 மாடல் பெட்ரோல் கார் போன வருஷம் இதே மாதிரி மிஸ் அடித்தது, எஞ்சின் விளக்கு மின்னியது. விளக்கு நிலையாக எரியாமல் மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடேற்றிக் கெடுக்கிறது என்று அர்த்தம், அப்போது வண்டியை அழுத்தி ஓட்டக் கூடாது. ஸ்கேனரில் பி0302 வந்தது, இரண்டாம் சிலிண்டர் மிஸ்ஃபயர். காயிலைக் கழற்றினால் பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. அதை முதலில் காற்றடித்து வெளியேற்றிய பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் நேராகச் சிலிண்டருக்குள் இறங்கும். இரண்டாம் காயிலையும் மூன்றாம் காயிலையும் இடம் மாற்றிப் போட்டோம். கோளாறு நம்பர் பி0303 என்று மாறியது. அதாவது, கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்தது. காயிலின் ரப்பர் குழலில் மெல்லிய வெள்ளைக் கோடு, என் கேப்பில் இருந்த கோட்டின் தம்பி. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடினால், வைப்பருக்குக் கீழே உள்ள தட்டின் வடிகால் வேப்பிலைச் சருகால் அடைத்து, மழைத்தண்ணீர் வழிந்து எஞ்சின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கைப்பிடிச் சருகு. அதை எடுக்காமல் காயில் மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த மழைக்கு மறுபடி போயிருக்கும்.

இதோடு வெள்ளத்தில் வண்டி நிற்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தேங்கிய தண்ணீரில் நின்ற வண்டிகளை எத்தனையோ பேர் மறுபடி மறுபடி செல்ஃப் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தண்ணீருக்குள் நின்ற வண்டியில் சாவியைத் தொடாமல், டோ செய்து கொண்டுபோவது ஒன்றுதான் வழி. நான் மேலே எழுதியது எல்லாம் சாரலும் மூட்டமும் செய்கிற வேலையைப் பற்றி மட்டும்.

நவம்பர் கடைசி வாரம் கார்த்திகை மழை ஐந்து நாள் பிடித்துக்கொண்டது. வண்டியை வேண்டுமென்றே போர்ட்டிகோவுக்கு வெளியே திறந்தவெளியில் நிறுத்தினேன். ஐந்து காலையும் முதல் செல்ஃப். மூன்றாம் நாள் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் கேப்பைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே காய்ந்திருந்தது. பானட்டின் முன்விளிம்பு ரப்பர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை, சொல்லி வைத்திருக்கிறேன்.

பழைய கேப்பையும் இரண்டாம் வயரையும் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கேப்பை பல்பு வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பையனைக் கூப்பிட்டு, கோடு எங்கே தொடங்கி எங்கே கிளைக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். "இது இங்கயே இருக்கட்டும் தம்பி. பசங்களுக்கு வாயால சொன்னா ஏறாது" என்றார். இப்போது அது அவர் கடைச் சுவரில், ஸ்பானர் பலகைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில், உட்புறம் வெளியே தெரியும்படி தொங்குகிறது.